ஸ்காட்லாந்து டிக்சனின் பாவாடைப் பண்டிகை

தூத்துக்குடியில் டிக்சன் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கடற்கரைப் பக்கம் அந்தப் பேரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஸ்காட்லாந்து வீடு எது என்று கேட்க வேண்டும். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே தாடையால் வழி காட்டுவார். மாடியில் நீலக் கொடி கிழிந்து தொங்குகிற வீடு. நீலத்தில் வெள்ளையாகப் பெருக்கல் குறி. ஸ்காட்லாந்து தேசத்துக் கொடி அப்படித்தான் இருக்கும், அதில் தகராறு இல்லை. ஆனால் டிக்சன் வைத்திருப்பது அந்த தேசத்தில் வாங்கியது அல்ல. கப்பலில் சிக்னலுக்கு ஏற்றுகிற கொடிகளில் ஒன்று அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும். ‘என் கப்பல் நின்றுவிட்டது, நகரவில்லை’ என்று அடுத்த கப்பலுக்குச் சொல்லுகிற கொடி. துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். அந்த வழியாகப் போகும்போதெல்லாம், “என்ன அண்ணாச்சி, கப்பல் இன்னும் கெளம்பலையா” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். டிக்சன் அதைக் காதில் வாங்குவதில்லை. பேர் எடுத்த மனிதருக்குப் பொறாமைக்காரர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

அந்தப் பேர் இல்லாவிட்டால் டிக்சன் வெறும் சமையல் மாஸ்டர். கோயிலில் ஊருக்கே சோறு போடுகிற அசனம், முதல் நன்மை விருந்து, கல்யாணத்துக்கு முந்தின நாள் சாப்பாடு என்று கிடைத்ததற்கு அடுப்பு மூட்டுகிற ஆள். அந்தத் தொழிலில் அவரைவிடக் கைப்பக்குவம் உள்ளவர்கள் வேம்பாரில் இருந்து பெரியதாழை வரைக்கும் நிறைய உண்டு. அவர்களுக்கு விசேஷ வீட்டில் முன்வரிசை நாற்காலி கிடையாது. டிக்சனுக்கு உண்டு. யாராவது ஒரு பையனுக்கு லண்டன் விசா கிடைத்தால் அப்பனும் ஆத்தாளும் ஒரு சீப்புப் பழத்தோடு இவரைத்தான் பார்க்க வருவார்கள். இவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்து, “உள்பனியன் ரெண்டா போடச் சொல்லு” என்பார். அவர்கள் மந்திரம் வாங்கினவர்கள் மாதிரி எழுந்து போவார்கள். தெருவில் தண்ணீர் லாரி வந்தால்கூட ஸ்காட்லாந்துக்காரர் குடத்தை முதலில் நிரப்பிவிடுவது ஒரு மரியாதையாக நடந்து வந்தது.

அவருடைய ஸ்காட்லாந்து வாழ்க்கையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். எட்டாவதில் பள்ளிக்கூடம் அவரை விட்டதோ, அவர் பள்ளிக்கூடத்தை விட்டாரோ, மாமா ஒருவர் கையைப் பிடித்து பம்பாய் போய்க் கப்பல் குசினியில் பாத்திரம் கழுவப் போனார். பிறகு சமையற்காரர் ஆனார். ஒரு குளிர்காலத்தில் அவருடைய கப்பல் அபர்டீன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தது. உள்ளே இடம் இல்லை, கடலும் சரியில்லை. குசினியின் வட்ட ஜன்னல் வழியாக டிக்சன் பார்த்தார். சாம்பல் நிறத்தில் கடல், சாம்பல் நிறத்தில் வானம், மழை கொஞ்சம் விட்டபோது இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடுதான் ஸ்காட்லாந்து. இன்னொரு தடவை பார்ப்பதற்குள் அடுப்பில் ரொட்டி தீய்ந்துவிட்டது.

அங்கே கிடந்தபோது நவம்பர் முப்பது வந்தது. அந்திரேயா திருநாள். நம் பக்கத்தில் பிலவேந்திரர் என்றால்தான் வயதானவர்களுக்குப் புரியும். மீன்பிடித்த கையோடு சீடராகப் போன ஆள், அதனால் கடற்கரைக்கெல்லாம் சொந்தக்காரர். ஸ்காட்லாந்து தேசத்துக்கும் அவர்தான் பாதுகாவலர். கப்பல் கேப்டன் ஸ்காட்லாந்துக்காரர். சாமான் கொண்டு வந்த படகில் ஒரு தகர டப்பா வரவழைத்து, சுட வைக்கச் சொன்னார். ஆட்டு இரைப்பைக்குள் ஈரல், இதயம், நுரையீரல், ஓட்ஸ் எல்லாம் அடைத்த பண்டம். ஹாகிஸ் என்று பேர். டிக்சன் ஒரு கரண்டி ருசி பார்த்தார். பார்த்ததைக் கழுவு தொட்டியில் துப்பினார். மறுநாள் சரக்கு வேறு ஊருக்கு என்று தகவல் வர, கப்பல் ராட்டர்டாமுக்குத் திரும்பியது. அவ்வளவுதான். அந்த மண்ணில் அவர் கால் படவில்லை. அவர் துப்பினதுகூடக் குழாய் வழியாகக் கடலுக்குத்தான் போயிருக்கும்.

ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் பழைய பேண்டு வாத்தியக் குழுவின் துணிமணி விற்கிற கடையில் ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடை, கில்ட்டு, ஒன்று தொங்கியது. வாங்கினார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. மலிவாக இருந்தது, நல்ல கம்பளி, தூத்துக்குடியில் எவனிடமும் இல்லை. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன காரணம் வேண்டும்.

பொய் ஆரம்பித்தது பெரியதாழையில், பெண் பார்க்கப் போன இடத்தில். பெண்ணின் அண்ணன்மார் எந்தெந்த ஊர் போனீர் என்று கேட்டார்கள். துபாய், கொழும்பு என்று சொன்னதற்கு அவர்கள் முகத்தில் ஒரு புருவம்கூட அசையவில்லை. ஸ்காட்லாந்து என்றார். அண்ணன்மார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். எவ்வளவு நாள் இருந்தீர் என்றபோது, டிக்சன் அடக்கமாக, “கொஞ்ச வருஷம்” என்றார். கல்யாணம் நடந்தது.

பெண்ணுக்கு டெல்பின் என்று பேர். கல்யாணமான மறு வாரம் மீன் கழுவிக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அங்கன கோயில்ல பூசை என்ன பாஷையில வைப்பாவ?”

“ஸ்காட்லாந்து பாஷையிலதான்.”

டெல்பின் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மீனைப் பார்த்தாள். அன்றோடு அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை. புருஷன் மரியாதை தன் மரியாதை என்று நினைத்தாளோ, இப்படி ஒரு ஆயுதத்தை ஊருக்குப் பங்கு வைப்பானேன் என்று நினைத்தாளோ. வீட்டுக்குள் மட்டும், “ஸ்காட்லாந்துக்காரரே, மோட்டரப் போடுங்க” என்பாள். டிக்சன் பேசாமல் போய்ப் போடுவார்.

வருஷா வருஷம் நவம்பர் முப்பது அன்று மாடியில் பண்டிகை. டிக்சன் கில்ட்டைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே அரைக்கால் டிராயர் உண்டு, அது டெல்பின் போட்ட சட்டம். கறிக்கடை சுடலைராஜ் இரைப்பையும் நுரையீரலும் கொண்டு வருவார். டிக்சன் அதில் ஓட்ஸும் சின்ன வெங்காயமும் மிளகும் அடைத்து அவிப்பார். சுடலைராஜ் அதற்குக் குடல் கொழுக்கட்டை என்று பேர் வைத்திருந்தார். டாஸ்மாக் பிராந்தியைப் பழைய ஸ்காட்ச் பாட்டிலில் ஊற்றி வைப்பது டிக்சன் மட்டும் அறிந்த சடங்கு. மற்றச் சடங்குகளை எல்லோரும் அறிவார்கள். ஏனென்றால் அவர்தான் உண்டாக்கினார். குடிக்கும் முன் நாக்கில் ஓர் உப்புக்கல் வைக்க வேண்டும். முதல் மடக்கைக் கடல் பக்கம் பார்த்துக் கீழே விட வேண்டும். ஹாகிஸைக் கத்தியால் தொடக்கூடாது, படகுத் துடுப்பின் நுனியால்தான் பிளக்க வேண்டும். “அபர்டீன்ல இப்படித்தான்” என்று அவர் சொன்னால் மாடியில் எவனும் எதிர்ப்பேச்சு பேசுவதில்லை. ஓசியில் குடிக்கிறவன் சரித்திரம் கேட்க மாட்டான். ஹாகிஸை மட்டும் டிக்சன் தின்பதில்லை. விருந்து கொடுக்கிறவன் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பதும் ஒரு சடங்கு. கடைசியில் ஒன்றும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் மண் போட வந்தவர் அருணாசலவடிவு. காற்றாலை இறக்கைகளைத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றுகிற ஒரு கம்பெனியின் மேனேஜர். ஆழ்வார்திருநகரிக்காரர். எதைச் சொன்னாலும் ‘ஆக்சுவலா’ என்று ஆரம்பிப்பார், அதற்குப் பிறகு நிஜம் வருவது அபூர்வம். ஒரு பெட்டி மக்ரூனோடு வீட்டுக்கு வந்தார். கம்பெனிக்கு கிரெய்க் என்று ஓர் இன்ஜினீயர் வந்திருக்கிறான், அசல் ஸ்காட்லாந்துக்காரன். அவன் மனம் குளிர நவம்பர் முப்பதைக் கம்பெனி கொண்டாடப் போகிறது. மகால் பிடித்தாயிற்று. எல்லாரும் கில்ட்டு கட்டப் போகிறார்கள். சமையல் டிக்சன். சடங்கு சொல்லிக் கொடுப்பதும் டிக்சன்.

“ஆக்சுவலா அண்ணாச்சி, இந்த ஊர்ல அங்க இருந்த ஒரே ஆளு நீங்கதான். மிஸ்டர் கிரெய்க் பொறந்ததே அபர்டீனாம்.”

டிக்சனுக்கு வாயில் இருந்த மக்ரூன் கரையவில்லை. நாக்கில் பட்டதும் கரைகிற பண்டம், அன்றைக்கு அடித்தொண்டையில் சுண்ணாம்பாக நின்றது. முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படவில்லை. சரி என்றார்.

மேனேஜர் போனதும் டெல்பின் வெளியே வந்தாள். “வயித்துவலின்னு படுத்துருங்க. நான் போயி ஆக்கிப் போட்டுட்டு வாரேன்.”

“ஏளா, என்னை விட்டா யாரு சடங்கு சொல்லுவா?”

“அது சரி. இல்லாத சடங்கை நீங்க இல்லாம யாரு சொல்ல முடியும்.”

அவர் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான். அந்த வெள்ளைக்காரன் சபையில் வாயைத் திறந்து, இந்த ஆள் எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருஷத்து ஸ்காட்லாந்து டிக்சன் மறுநாள் காலையில் சமையல் டிக்சன். தெரு முழுக்கச் சிரிக்கும். சிரித்து முடிக்க அதற்கு ஒரு வருஷமாவது ஆகும்.

மேனேஜர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார், காலண்டரைத் தவிர. நவம்பர் முப்பது என்றால் கார்த்திகை மாதம். கம்பெனியில் பாதிப்பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். கறி தொட மாட்டார்கள், குடி கிடையாது, கறுப்பு வேட்டியை மாற்றவும் மாட்டார்கள். “சாமி, ஒரு மணி நேரம் மட்டும்” என்று மேனேஜர் கெஞ்சியதற்கு, “சாமி, தெய்வக் குத்தம் சாமி” என்று பதில் வந்தது. மிச்சமிருந்த பாதிப்பேருக்குத் தைத்த கில்ட்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் யூனிஃபார்ம் துணி. மொத்தமாக வாங்கியதில் விலை படிந்ததாம். கணக்குப் பிரிவில் ஒருவர் கண்ணாடி முன் நின்று, தன் மகளின் பாவாடையைத் தானே கட்டியிருப்பது போல இருக்கிறது என்று கண் கலங்கினாராம்.

அன்றைக்குப் பார்த்து மழை. தூத்துக்குடிக்கு மழை என்பது மேலே இருந்து வந்து கீழே தங்கிவிடுகிற விருந்தாளி. சாயங்காலம் விருந்தினர் விடுதியில் இருந்து கிரெய்க்கை அழைத்து வர மேனேஜர் கார் அனுப்பினார். கூடவே டிக்சனையும் அனுப்பினார், பாஷை தெரிந்தவர் என்று. ஹாகிஸை அவிய விட்டு டெல்பினை மகால் அடுப்படியில் காவல் வைத்துவிட்டு, டிக்சன் தன் கில்ட்டோடு காரில் ஏறினார்.

கிரெய்க் நெட்டையான ஆள், முப்பத்தைந்து இருக்கும், சிவந்த மீசை. அவனும் கில்ட்டு கட்டி, இடுப்புக்கு முன்னால் தோல் பை ஒன்று தொங்க விட்டிருந்தான். அவன் பேசிய இங்கிலீஷ், வாயில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருந்தது. டிக்சனின் கப்பல் இங்கிலீஷ் அதற்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் கேள்வி புரிந்தது. அபர்டீனில் எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்கிறான்.

டிக்சன் துறைமுகத்துப் பக்கம் என்றார்.

துறைமுகத்தில் எங்கே, எந்தத் தெரு, எந்தக் குடிக்கடைக்குப் போவீர்கள் என்றான் அவன்.

டிக்சன் கார்க் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தார். கடைசியில் ஸ்காட்லாந்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொன்னார். “ஒரே மழை சார். ஒன்னும் கண்ணுக்குத் தெரியல.”

கிரெய்க் தொடையில் தட்டிச் சிரித்தான். அபர்டீன் என்றால் அதுதான் என்றான். நம்பினானா, கேலி செய்தானா என்று டிக்சனுக்குப் பிடிபடவில்லை.

பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் கார் இருமிவிட்டு நின்றுபோனது. மகால் கூப்பிடு தூரம்தான். இறங்கி நடந்தார்கள். மற்றவர்களெல்லாம் பேன்டைச் சுருட்டிக்கொண்டு தவித்தபோது இவர்கள் இரண்டு பேரும் சுருட்ட ஒன்றும் இல்லாமல் நடந்தார்கள். அந்தத் துணியை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் என்று டிக்சனுக்கு அன்றுதான் புரிந்தது.

ஓரத்தில் குடைக்குக் கீழே பூ விற்கிற இசக்கிசெல்வி இவர்களைப் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரியிடம், “ஏளா, தசரா முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு, இப்பப் போயி வேஷம் கட்டிட்டு வாராவ பாரு” என்றாள். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, ஊர் ஊராக வேஷம் கட்டிக் காணிக்கை பிரிக்கிறவர்களைப் பார்த்தே வளர்ந்த கண் அது. காளி, குரங்கு, போலீஸ், வெள்ளைக்காரன், எது வந்தாலும் அவளுக்கு அதிசயம் இல்லை. வீட்டில் சாவு விழுந்து தசராவுக்குக் கட்ட முடியாமல் போயிருக்கும், நேர்ச்சையை இப்போது முடிக்கிறார்கள் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். தண்ணீரில் இறங்கி வந்து கிரெய்க்கின் கையில் பத்து ரூபாயை வைத்தாள். அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“இம்புட்டு மழையிலயும் பவுடர் கலையல பாத்தியா. நல்ல கைக்காரன் பூசியிருக்கான்.”

“ஏளா, இவரு நெசமாவே வெள்ளக்காரரு” என்றார் டிக்சன்.

“ஆமா, வேஷம் கட்டுனா காளி நெசமாவே காளிதான். எனக்குத் தெரியாதா. நீரு ஏன் பூசாம வந்துட்டீரு?”

கிரெய்க் நோட்டை வைத்துக்கொண்டு முழித்தான். என்ன செய்ய வேண்டும் என்று டிக்சனைக் கேட்டான். டிக்சன் சுருக்கமாகச் சொன்னார். இது சாமிக் காசு, மறுக்கக்கூடாது, வாங்கினவன் கோயில் உண்டியலில் சேர்க்க வேண்டும், கொடுத்தவள் தலையில் கை வைத்து வாழ்த்த வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வழக்கத்தைப் பற்றி உண்மையைச் சொன்னார். அவன் ரூபாயைத் தோல் பைக்குள் போட்டு, அவள் தலையில் பெரிய கையை வைத்து, அந்திரேயா திருநாள் வாழ்த்து சொன்னான். இசக்கிசெல்விக்குப் புல்லரித்துவிட்டது. பின்னால் பழக்கடைக்காரி வந்தாள், ஆட்டோ டிரைவர் வந்தார், ஒருத்தி கைப்பிள்ளையை நீட்டினாள். இடுப்பில் உண்டியலோடவே வந்திருக்கான் பாரு, என்ன ஒரு பக்தி என்று பேச்சு வேறு. மகாலுக்குள் நுழைந்தபோது கிரெய்க்கின் பை சலங்கை மாதிரி சத்தம் போட்டது. அவன் முகத்தில் கிறுக்குப் பிடித்த சந்தோஷம்.

நனைந்த கில்ட்டைப் பிழிவதற்குப் பக்கத்து அறைக்குப் போனார்கள். ஆளுக்கொரு துண்டைச் சுற்றிக்கொண்டு பிழிந்தார்கள். கிரெய்க் தன்னுடையதை உள்பக்கம் திருப்பினபோது இடுப்புப் பட்டையில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தெரிந்தது. மீரட் என்று இங்கிலீஷில் இருந்தது. பேண்டு செட்டுக்குத் துணி தைக்கிற வடநாட்டு ஊர். டிக்சன் தன் கையைப் பார்த்தார். அவருடைய துணிச்சீட்டிலும் அதே மீரட். மறைப்பதற்குள் அவன் பார்த்துவிட்டான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பிழிகிற வேலையை மட்டும் பார்த்தார்கள்.

பிறகு கிரெய்க் மெதுவாக, டிக்சனுக்குப் புரிகிற வேகத்தில் சொன்னான். மேனேஜரின் மெயில் வந்த பிறகுதான் இதை ஆன்லைனில் வாங்கினான். இந்தப் பண்டிகையை அவன் ஒருநாளும் கொண்டாடியதில்லை. அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பந்தாட்டம் பார்ப்பதுதான் வழக்கம். கறி தின்பதை விட்டே பல வருஷம் ஆகிறது, அதை மேனேஜரிடம் சொல்ல வாய் வரவில்லை. மேடையில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு எழவும் தெரியாது. நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிக்சன் துணியை ஒரு உதறு உதறினார். துணிச்சீட்டை உள்ளே மடித்துவிட்டுக் கில்ட்டைக் கட்டினார். அவனுடைய கள்ளம் வெளியே வந்துவிட்டது. தன்னுடையதை அவன் என்ன செய்வான் என்றுதான் தெரியவில்லை.

மகாலில் பாதி கறுப்பு வேட்டி, பாதி பள்ளிக்கூடப் பாவாடை. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஊதுகிற பைப் வாத்தியம் கிடைக்காததால் கோயில் பேண்டு செட்டில் இருந்து கிளாரினெட்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தனக்குத் தெரிந்த தேர்ப்பவனிப் பாட்டை ஊதிக்கொண்டிருந்தார். மேனேஜர் பேசினார், பேசினார். சாமிமார் பன்னீர் சோடாவோடு ஒதுங்கி நின்றார்கள். கடைசியில் டெல்பின் ஹாகிஸைத் தாம்பாளத்தில் கொண்டு வந்து வைத்தாள். டிக்சன் சடங்கைத் தொடங்கினார். உப்புக்கல் கொடுத்தார். கிரெய்க் பயபக்தியோடு நாக்கில் வைத்துக்கொண்டான். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி முதல் மடக்கைக் கீழே விட்டான். டிக்சன் துடுப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அப்போதுதான் மேனேஜர் கைபேசியோடு முன்னால் வந்தார். காலையில் இருந்து நெட்டில் படித்த படிப்பு முகத்தில் மின்னியது.

“ஆக்சுவலா ஒரு டவுட் அண்ணாச்சி. நெட்ல பாத்தேன். எல்லா வீடியோலயும் கத்தியாலதான் வெட்டுதாங்க. துடுப்பு எங்கயுமே இல்லையே. நீங்க நெசமாவே அங்க இருந்தீங்களா?”

மைக் கிட்டத்தில் இருந்ததால் மகால் முழுவதும் கேட்டது. கிளாரினெட்காரர் ஊதுவதை நிறுத்தினார். கறி வெட்டிக் கொடுத்த உரிமையில் வந்திருந்த சுடலைராஜ் சோற்றுத் தட்டோடு எழுந்து நின்றார். டிக்சன் வாயைத் திறந்தார். அபர்டீன்ல இப்படித்தான் என்கிற வாக்கியம் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வெளியே வர மறுத்தது. அபர்டீனே பக்கத்தில் துடுப்போடு நிற்கிறதே. அடுப்படி வாசலில் டெல்பின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. அதுதான் டிக்சனை இன்னும் கலக்கியது.

மேனேஜர் கிரெய்க் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கேட்டார். உங்கள் ஊரில் துடுப்பா, கத்தியா?

கிரெய்க் துடுப்பைப் பார்த்தான். டிக்சனின் இடுப்பைப் பார்த்தான். பிறகு எல்லாருக்கும் விளங்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“கத்தி மலைநாட்டுக்காரர்கள் வழக்கம். அபர்டீனில், துறைமுகத்து ஓரம், துடுப்புதான்.”

சொல்லிவிட்டு ஹாகிஸை ஒரே குத்தில் பிளந்தான். ஆவி மேனேஜர் கண்ணாடியில் போய்ப் படிந்தது.

அதற்கு மேல் தூத்துக்குடிக்காரனுக்கு விளக்கம் தேவையில்லை. கடற்கரை வழக்கம் வேறு, உள்நாட்டு வழக்கம் வேறு என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். “கடக்கரைன்னா அப்படித்தான இருக்கும்” என்று சுடலைராஜ் உட்கார்ந்தார். ஆழ்வார்திருநகரிக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது என்கிற மாதிரி பாதி மகால் மேனேஜரைப் பார்த்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

தோற்றவர் சும்மா இருப்பாரா. விருந்தாளிக்கு முதல் பங்கு என்று தட்டில் மலை மாதிரி ஹாகிஸைக் குவித்துக் கிரெய்க்கிடம் நீட்டினார். நாலு பேர் கைபேசியைத் தூக்கினார்கள். கிரெய்க்கின் வெள்ளை முகம் இன்னும் வெளுத்தது. அவன் டிக்சனைப் பார்த்தான். கடனைத் திருப்பிக் கேட்கிற பார்வை இல்லை, தண்ணீரில் தத்தளிக்கிறவன் பார்வை.

“ஒரு நிமிஷம்” என்றார் டிக்சன். குரல் திரும்ப வந்துவிட்டது. “விருந்தாளி இதைத் தொடக்கூடாது. அவரு பங்கை, சபையில இருக்கறதுலயே மூத்த கப்பக்காரன் திங்கணும். அதான் முறை.”

மேனேஜர் கிரெய்க்கைப் பார்த்தார். கிரெய்க் வேகமாகத் தலையாட்டினான். ஆமாம், துறைமுகத்து ஓரம் அதுதான் முறை.

மூத்த கப்பல்காரன் யார் என்று சபை தேடவில்லை. தட்டு டிக்சன் கைக்கு வந்தது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தின்னக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு வாய் தொடாமல் தப்பித்த மனிதர், நடு மேடையில், கிளாரினெட் ஊத, கைபேசிகள் படம் பிடிக்க, நுரையீரலை மென்றார். கழுவு தொட்டி பக்கத்தில் இல்லை. அன்றைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்த சாம்பல் கோட்டின் ருசி அப்படியே இருந்தது. பாதித் தட்டில் நிமிர்ந்து பார்த்தார். டெல்பின் கரண்டியோடு வந்து நின்றுகொண்டிருந்தாள்.

“ஊரு நெனப்பு வந்துருச்சு போல. இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். சபையில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா. வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரெய்க் விடவில்லை. சாமிக் காசு தன்னிடம் தங்கக்கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நின்றான். பூசை முடித்த கையோடு டிக்சன் அவனைக் குலசேகரன்பட்டினத்துக்குக் கூட்டிப்போனார். முத்தாரம்மன் உண்டியலில் அவன் பையைக் கவிழ்த்தான். ஒரு பத்து ரூபாய் நோட்டு மழையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. விரலை விட்டு நோண்டி எடுத்துப் போட்டான். திரும்பி வந்தபோது சாப்பாடு டிக்சன் வீட்டில். டெல்பின் அவனுக்காகத் தேங்காய்ப்பால் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி செய்திருந்தாள். ஒரு மீன் துண்டுகூட இல்லாத ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. கிரெய்க் கையால் பிசைந்து சாப்பிட்டான். டெல்பின் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

“அவருகிட்ட ஒன்னு கேளுங்க” என்றாள் புருஷனிடம். “அவரு ஊரு கோயில்ல பூசை என்ன பாஷையில வைப்பாவ?”

டிக்சன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் கேட்டார். கிரெய்க் சொதியைத் துடைத்துத் தின்றுகொண்டே சொன்னான். தெரியாதே, எங்கள் ஊரில் நான் கோயிலுக்குள் போனதே இல்லை.

“என்ன சொல்லுதாரு?”

“ஸ்காட்லாந்து பாஷையிலதானாம்” என்றார் டிக்சன்.

டெல்பின் அவரைப் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். சொதிச் சட்டியைக் கிட்டத்தில் இழுத்தாள்.

“அப்பச் சரி. ரெண்டு பேரும் ஒரே ஊருதான்” என்று சொல்லி, இரண்டு தட்டிலும் ஒரே அளவாக ஊற்றினாள்.